வெள்ளச்சியின் இரண்டாவது குட்டி

போன வாரம் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பக்கம் அம்மை குத்தப் போயிருந்தேன். அதுதான் என் உத்தியோகம். பெட்டியைப் பார்த்தாலே அங்கே என்னை டாக்டர் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை... யாருக்குத்தான் கசக்கும்?

காலையில் இருசாயி என்ற பெண் ஓடிவந்தாள். சாமைக் காட்டில் பன்றி விரட்டும் அவளுடைய நாய் வெள்ளச்சிக்குப் பிரசவம். விடியும்போது ஒரு குட்டி பிறந்துவிட்டதாம். அப்புறம் வெறும் வலிதான்.

"ஏனுங்க, கொஞ்சம் ஊட்டுக்கு வந்து பாருங்க."

போனேன். வெள்ளச்சி முக்கினாள், ஓய்ந்தாள், மறுபடி முக்கினாள். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தெரிந்தவன்போல் சொன்னேன்: "அது தானே ஈன்றுகொள்ளும். பொறு."

இருசாயி ஒரு மணி நேரம் பொறுத்தாள். பிறகு எழுந்தாள்.

"இல்லீங்க. போன ஈத்துல ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கஞ்சி கொதிக்கிற நேரந்தானுங்க. இப்பப் பாருங்க, பொறந்த குட்டியக்கூட நக்க மாட்டேங்குது. நான் கீழ தூக்கிட்டுப் போறனுங்க."

கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டினார்கள். ஒரு முனை அவள் கணவர் தோளில். மறுமுனை அவள் தோளில். பிறந்த குட்டி அவள் மடியில். செங்குத்தான ஒற்றையடிப் பாதை. "ஆச்சு கண்ணு... இதோ ஆச்சு சாமி" என்று நாயிடம் பேசிக்கொண்டே இறங்கினாள். பின்னால் நான், என் பெட்டியோடு.

அடிவாரத்து மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார். குட்டி குறுக்கே கிடந்தது. மெல்லத் திருப்பி எடுத்தார். உயிர் இல்லை.

அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று கத்தியது. மற்றது அசையவில்லை. இருசாயி அதைத் துணியில் வைத்துத் தேய்த்தாள்... தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் 'கீச்' என்றது. அப்போதுதான் அவள் அழுதாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "விடாம முக்கியும் அரை மணியில குட்டி வரலேன்னா, முதல் குட்டிக்கு முன்னாடியே கரும்பச்சையா நீர் வந்தா, தாய் துவண்டு போனா — உடனே கொண்டாந்துடணும். யாரம்மா இவ்வளவு நேரம் காக்கச் சொன்னது?"

இருசாயி என்னைப் பார்த்தாள்.

"ஆருமில்லீங்க. நாந்தானுங்க தெரியாம இருந்துட்டேன்."

எத்தனை சுலபமாக என்னைத் தப்பிக்க விட்டாள்! வெள்ளச்சி மூன்று குட்டிகளையும் நக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

மூன்றே வார்த்தை... வெளியே வருவதற்குள் நானும் கொஞ்சம் முக்கத்தான் வேண்டியிருந்தது!