அவர் அன்று ஊதவில்லை

ஒருவர் நம் நல்லதை நினைத்துத்தான் ‘மாட்டேன்’ என்று சொன்னார் என்பதை, அதைக் கெட்டதாகவே கேட்க நினைக்கிறவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? நாலைந்து வருடமாக யோசிக்கிறேன்.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. என் கணவருக்குத் திருவேங்கடத்தில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் என் மாமியாரும் குழந்தையும்தான்.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வரிசை உண்டு. முதலில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியிலும் வயிற்றிலும் பூசுவோம். அதற்கு அடங்காவிட்டால் சாயங்காலம் பள்ளிவாசல். தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள், வாசலில் பிள்ளையோடு நிற்கும் பெண்களைக் கண்டால் நின்று, வாய்க்குள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். செம்பில் தண்ணீர் கொண்டுபோனால் அதிலும் ஓதித் தருவார்கள். அதற்கும் கேட்காவிட்டால்தான் டாக்டர். பி.யூ.சி. படித்த எனக்கு இந்த வரிசை முதலில் சிரிப்பாக இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்த வாசலில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல் பொட்டு வைத்தவர்கள்தான். யார் ஊதினால் எது சரியாகும் என்று எங்களுக்குள் ஒரு பேச்சே ஓடும். பச்சைத் துண்டும் தடித்த கண்ணாடியும் போட்ட ஒரு பெரியவர் ஊதினால் பிள்ளை அன்றைக்கே தூங்கிவிடும் என்பார்கள். நானும் அவர் வரும்வரை காத்து நிற்பேன். என் குழந்தைக்கு எத்தனையோ தடவை ஊதியிருக்கிறார். அவர் பெயர் என்ன, என்ன தொழில் செய்கிறார் என்று நான் கேட்டதில்லை.

அந்த வருடம் மேற்கே மலையோரத்து ஊர்களில் மதத்தை வைத்துத் தகராறு வந்தது. கடைகளை எரித்தார்கள், ஆட்களை வெட்டினார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடக்கப்போகிறது என்று எல்லோரும் பேசினார்கள். தெருக்குழாயடியில் ஒருத்தி என் காதருகே வந்து, “ஓதிக் குடுக்குற தண்ணியில என்னமோ கலக்குதாவளாம்” என்றாள். யார் பார்த்தது என்று கேட்டேன். எல்லாரும்தான் சொல்லுதாவ என்றாள். நான் அதை நம்பவில்லை. ஆனால் கைக்குழந்தை வைத்திருப்பவள் எதையும் முழுசாக நம்பாமல் இருந்துவிடவும் முடியாது. அந்த வாரம் நான் பள்ளிவாசல் பக்கம் போகவில்லை.

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது அந்த வாரத்தில்தான். புற்றுமண் பூசினோம். மத்தியானத்துக்கு மேல் பால் குடிக்கவில்லை. மூச்சில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள், கணவரும் வந்து சேரவில்லை. அத்தை வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் என் முன்னால் வந்து நின்று, “ஏட்டி, ஒரு எட்டு போயிட்டு வந்துரு. தண்ணி மட்டும் வாங்கிராத. ஊதினா போதும்” என்றார்.

பிறகு இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்போது அது எனக்குச் சரியான யோசனையாகத்தான் பட்டது. செம்பு எடுக்காமல் கிளம்பினேன்.

கடைவீதியில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. பள்ளிவாசல் முன்னால் ஒரு பெண்கூட இல்லை. தொழுகை முடிந்து வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் தலையைக் குனிந்தபடி ஒதுங்கிப் போனார்கள். நம் மேல் கோபம் போலிருக்கிறது, வந்திருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். கடைசியாகக் கண்ணாடிக்காரர் வந்தார். வழக்கம் போலக் குனிந்தார். உதடு அசைந்தது. நானும் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். ஊதல் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் நிமிர்ந்து நின்றிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம் தாயி,” என்றார். “வெளிய என்ன பேசுதாவன்னு ஒங்களுக்கும் தெரியும். இப்ப நான் ஊதி, பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிட்டுன்னா, ஊதினதாலதான்னு வரும். ஒங்களுக்கும் பாடு, எங்களுக்கும் பாடு. மூச்சு வேற இழுக்குது. டாக்டர்ட்ட கொண்டு போங்க.”

அவர்களுக்குப் பயந்துகொண்டே நான் அங்கே போயிருந்தேன். பிள்ளையும் பொட்டுமாக வந்து நிற்கும் என்னைப் பார்த்து அவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆஸ்பத்திரி சாத்தியிருக்குமே என்றேன். டாக்டர் வீடு தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “நான் முன்னால போறேன். கூட வராதிய, தள்ளி வாங்க. நான் நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்ல உள்ள வீடு.”

பள்ளிவாசல் தெருவைத் தாண்டும் இடத்தில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். நான் அந்தப் பச்சைத் துண்டையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அடுத்த முக்கில் எங்கள் தெரு இளவட்டங்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள், சிலர் கையில் கம்பு. அவர் அவர்களைக் கடந்து போனார். யாரும் கவனிக்கவில்லை. என்னைத்தான் நிறுத்தினார்கள். “என்ன மதினி, அந்தப் பக்கமிருந்து வாரிய?” என்றான் ஒருவன். பிள்ளைக்கு முடியவில்லை, டாக்டர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். துணைக்கு வரட்டுமா என்று கேட்டான். நல்ல பையன்தான், எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறான். வேண்டாம் தம்பி என்றேன். அவன் என்னோடு வந்தால் முன்னால் போகிறவரைப் பார்த்துவிடுவான் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

விளக்குக் கம்பத்தடியில் அவர் நின்றார். நான் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு திறந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் போய்க்கொண்டிருந்தார்.

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி டாக்டர் உடனே ஊசி போட்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று என்னைத் திட்டவும் செய்தார். கண்ணாடிக்காரர் ஊதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருப்பேன்.

குழந்தை பிழைத்தாள். வீட்டில் எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னேன். ஆனால் அதற்குள் குழாயடிக்கு வேறு கதை போய்ச் சேர்ந்திருந்தது. நான் பள்ளிவாசலில் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். “சாகக் கெடந்த பிள்ளைக்கு ஊதக்கூட மாட்டேன்னுட்டானுவளாம்” என்று பேசிக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று நான் விளக்கினேன். அவர் வழிகாட்டியதைச் சொன்னேன், தொப்பியைக் கழற்றியதைச் சொன்னேன். “நீ வெள்ளந்தி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்கள். நான் சொன்னது குழாயடியோடு நின்றது. அவர்கள் சொன்னது மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் நாத்தனார் வீடு வரை போனது.

நேரில் போய் நன்றி சொல்ல நினைத்தேன். இப்போது போனால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான் விழும், கொஞ்சம் ஆறட்டும் என்று கணவர் சொன்னார். சரியென்று பட்டது. ஆறியும் விட்டது. கடைகள் திறந்தன, பஸ் ஓடியது. பள்ளிவாசல் முன்னால் பொட்டு வைத்த பெண்கள் மட்டும் பழையபடி நிற்கவில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எப்படியோ நின்றுபோயிற்று. அவரைக் கடைவீதியில் இரண்டொரு முறை பார்த்தேன். கூப்பிடலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் கடந்துவிட்டார்.

இப்போது எனக்கு இரண்டாவது குழந்தை, ஐந்து மாதம் ஆகிறது. சளி பிடித்தால் முதலில் டாக்டரிடம்தான் போகிறேன், எங்கள் வீட்டு வரிசை மாறிவிட்டது. ஆனாலும் போன வாரம் அவன் தூங்காமல் அழுதபோது அத்தை, “அந்தக் கண்ணாடிக்காரர் இன்னும் இருப்பாரோ?” என்று கேட்டார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசகர்களைக் கேட்கிறேன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் நிற்கலாமா? நின்றால் அவருக்கு அது சந்தோஷமாக இருக்குமா, இல்லை மறுபடியும் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவேனா? உங்கள் ஊரில் இப்படி நின்றுபோன ஒன்றை யாராவது திரும்பத் தொடங்கியிருந்தால் எப்படித் தொடங்கினார்கள் என்று எழுதுங்கள். போவதென்றால், இந்த முறை செம்பில் தண்ணீரும் கொண்டுபோக நினைக்கிறேன்.