சிரிப்பு மிஸ்ஸின் உத்தியோகம்

பள்ளியில் அவளுக்குப் பெயர் சிரிப்பு மிஸ். மனநல ஆலோசகர் என்று கதவில் பலகை தொங்கினாலும் அதை வாசிக்க யாருக்கும் பொறுமையில்லை. அறையில் பாதி விளையாட்டுச் சாமான்கள். மீதிப் பாதியில் மனித மனம்.

அவள் வேலை சுலபம் என்பது ஆசிரியர்களின் ஒருமித்த கருத்து. "உங்களுக்கென்ன மிஸ், பேப்பரா திருத்துறீங்க? சும்மா கேட்டுட்டு உக்காந்திருக்கணும், அவ்வளவுதான்" என்பார் கணக்கு வாத்தியார். சொன்ன கையோடு, தன் மைத்துனன் படுத்தும் பாட்டை ஒரு பீரியட் முழுக்கக் கொட்டிவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கென வாங்கி வைத்த டிஷ்யூ பெரும்பாலும் வாத்தியார்களின் மூக்குக்கே செலவானது.

வீட்டில் இன்னும் விசேஷம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். ஒரு பாத்திரத்தைச் சற்றே ஓங்கி வைத்தால் போதும், அக்கா ஆரம்பித்துவிடுவாள்: "ஏன்டி, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பொறுமை சொல்லித் தர்றவ, உனக்கே கோவம் வரலாமா?" பொறுமைசாலி என்று பட்டம் கொடுத்தவர்கள் கோபப்படும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அன்று மதியம் வருவதாக எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலையாட்டியிருந்தாள். அப்பா வீட்டை விட்டுப் போனதிலிருந்து பள்ளியில் வாயே திறக்காதவள். அறை வாசல்வரை வருவாள். உள்ளே யாராவது இருந்தால் திரும்பிவிடுவாள். இன்றும் திரும்பினால் இனி வரவே மாட்டாள்.

மணியடிக்கச் சற்று முன் தலைமையாசிரியர் வந்து அமர்ந்தார். கூட்டத்தில் அவரை யாரும் மதிக்கவில்லையாம். மதிக்காத ஒவ்வொருவரையும் தனித்தனியாக விவரித்தார். மணி அடித்தது.

"சார், ஒரு பொண்ணு வர்ற நேரம்..."

"நிக்கட்டும்மா. பெரியவங்க மனசு மனசில்லையா?"

அடுத்த ஆண்டுக்கு அவள் வேலையை நீட்டிக்க வேண்டியவர் அவர்தான். ஆகவே சிரித்தாள். தாடை வலித்தது.

வாசலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. உடனே திரும்பியது.

"சார், எந்திரிங்க!" தாழ்வாரம் முழுக்கக் கேட்டது அவள் குரல். "இது பிள்ளைங்க நேரம். வெளிய போங்க!"

தலைமையாசிரியர் எழுந்தார். "உங்களுக்கே யாராவது கவுன்சிலிங் குடுக்கணும் போலிருக்கே."

"குடுக்கணும் சார். அதுக்கும் ஒரு ஆள் போடுங்க."

அவர் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தாள் சிரிப்பு மிஸ். சிரிப்பைத் தேடினாள், கிடைக்கவில்லை. குரல் கேட்டுத் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பெண் மெல்ல உள்ளே வந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

"மிஸ்... உங்களுக்குக் கோவம்லாம் வருமா?"

"வரும்மா. நிறைய."

"எனக்கும் மிஸ். எங்கப்பா மேல."

சிரிப்பு மிஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த ஆண்டு வேலை அநேகமாக வெளியிலேயே நின்றுவிட்டது.