ரீட்டா அக்கா கடையின் நிரந்தர வாடிக்கையாளர்

இந்த மாதக் கடை வாடகைக்கே முழிக்கிறவரிடம், அறுபத்தேழாவது வயதுக்கு இப்போதே பணம் கட்டுங்கள் என்று சொல்வதுதான் எங்கள் தொழில். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணக்காளரின் அலுவலகத்தில், தமிழ்ச் சனத்துக்கென்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். சொந்தத் தொழில் தொடங்கினால் ஓய்வூதியப் பணம் கட்டாயம் என்று விளங்கப்படுத்துவேன். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைக் கண்டவர்கள் மற்றக் கதவால் போய்விடுவார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை பேர் சீட்டு?

மன்னார் ரீட்டா அக்கா பல வருடம் சிஞ்ஞோராமார் என்கிற இத்தாலிய எஜமானியம்மாமாரின் வீடுகளில் வேலை செய்துவிட்டு, நகரத்தின் சீசா பகுதியில் தையல் கடை போட்டார். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மூன்று மாதத்துக்கொரு முறை கட்ட வேண்டும் என்றேன். கவனமாகக் கேட்டுவிட்டு, இந்தச் சீட்டில் எத்தனை பேர், பிடிக்கிற ஆள் நம்பிக்கையானவரா, கோயிலில் மகளின் முதல் நன்மைச் சடங்குக்கு முன்னே கழித்து எடுக்கலாமா என்று விசாரித்தார். கழிவெல்லாம் கிடையாது, வயது போன பிறகுதான் வரும் என்றேன்.

“தம்பி, கிழவியான பிறகு எடுக்கிற சீட்டை எந்த விசரி கட்டுவாள்?”

வாயில் குண்டூசி

சட்டத்துக்குப் பயந்து கட்டத்தான் செய்தார். ஆனால் கணவர் அருளப்பு அண்ணையும் கடையில் தைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிற கணவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று நான் சொன்னது அக்காவின் காதில் ஏறவில்லை.

ஒருநாள் சோதனைக்கு அதிகாரி வந்தார். இவர் யார் என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர் என்றார் அக்கா. அண்ணையின் கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசிகள். பாவம், ஆமோதிக்கவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சிஞ்ஞோரா உள்ளே வந்து, போன கிழமை போலவே தைத்துத் தரச் சொல்லி மகனின் காற்சட்டையை அண்ணையின் கையில் கொடுத்தார். அதிகாரி, அண்ணையைச் சீக்கிரம் பதியும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு, வாசலில் நின்று திரும்பினார்.

“என்னிடமும் நீளமான காற்சட்டை ஒன்று இருக்கிறது. இந்த வாடிக்கையாளர் நாளைக்கும் வருவாரா?”

வெறும் திரை

மறுநாள் இருவரும் என் முன்னால். அண்ணை வீட்டில் சமைக்கிறார் என்று எழுதிவிடலாமா என்று அக்கா கேட்டார். அப்படியென்றால் அவர் கடைப்பக்கமே வரக்கூடாது என்றேன்.

அண்ணை, தனக்கு இதுவரை எவ்வளவு ஓய்வூதியப் பணம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். கால்சா பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவியவர். எல்லாம் கட்டுகிறோம் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரு மாதம்கூட இல்லை.

“அப்ப நான் அங்கை வேலை செய்யவே இல்லையோ?” என்றார் அண்ணை.

வயது நாற்பத்தாறுதான், இப்போது தொடங்கினாலும் காலம் இருக்கிறது என்றேன். அக்கா கொஞ்ச நேரம் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

“இவரை எழுதுங்கோ தம்பி. உதவிக்கு நிக்கிறார் எண்டு இல்லை. வேலை செய்யிறார் எண்டு வடிவா எழுதுங்கோ.”

அரசாங்கம் கட்டாயம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்கிற எங்கள் சனம், வீட்டுக்காரி கட்டாயம் என்றால் ஒப்பம் வைக்கப் பேனா தேடும்.