கோடு அழிந்த அணில்

முத்துலிங்கம் கணினியில் ஓர் அணிலை உருவாக்கிக்கொண்டிருந்தான். பிஸ்கட் விளம்பரம் ஒன்றில் அது ஓடி வந்து, பிஸ்கட்டைக் கட்டிப்பிடித்து, கண் சிமிட்ட வேண்டும். பார்க்கிற பிள்ளைக்கு அதைத் தடவிப் பார்க்க ஆசை வர வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மர்ஸூக் நடத்திய சின்ன ஸ்டூடியோ அது. இந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர்: முத்துலிங்கமும் அசங்கவும். அணில் நன்றாக வந்தால், செய்தவனைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஸ்டூடியோவுக்கு அனுப்புவதாக மர்ஸூக் சொல்லியிருந்தார். சண்டை உச்சத்தில் இருந்த காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன முத்துலிங்கத்துக்கு, அடையாள அட்டையை நீட்டாமல் தெருவில் நடக்கக்கூடிய ஊர் என்றாலே போதும். சம்பளத்தைக்கூட அவன் கேட்கவில்லை.

மயிர்தான் உயிரை வாங்கியது. உடம்பெல்லாம் முளைக்க வைத்து, மூக்கிலிருந்து வால் பக்கமாகச் சீவிச் சீவிப் படிய வைக்க வேண்டும். திசை கொஞ்சம் பிசகினாலும் மழையில் நனைந்த கீரி மாதிரி நிற்கும். கலியாணம் கட்டினால் பெண்சாதிக்கும் நீதான் தலை இழுத்துவிடுவாய் போல என்று அசங்க சிங்களத்தில் பகிடி பண்ணினான். பிஸ்கட்டோடு ஒட்டட்டும் என்று அணிலுக்குப் பொன்மஞ்சள் நிறம் கொடுத்து, அதில் எடுப்பாகத் தெரிய முதுகில் கறுப்புக் கோடுகளை இட்டான் முத்துலிங்கம்.

ஒரு நாள் முதுகுப் பகுதியை மட்டும் பெரிதாக அச்செடுத்து, வீட்டில் வைத்துத் திருத்தலாம் என்று பையில் போட்டுக்கொண்டான். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் தாளை மேசையில் விரித்து, இது என்ன என்று கேட்டான்.

"மே மொகக்த?"

"லேனெக் சேர்." அணில் என்றான் முத்துலிங்கம்.

"லேனெக்த, கொட்டியெக்த?"

அணிலா புலியா என்று கேட்டுவிட்டு அவன் சிரித்தான். பக்கத்தில் நின்றவன் சிரிக்காமல் அடையாள அட்டையில் பெயரை வாசித்தான். தாளில் தலையும் இல்லை, வாலும் இல்லை. மஞ்சள் மயிரும் கறுப்புக் கோடும்தான். அந்த மேசையில் கிடந்தபோது முத்துலிங்கத்துக்கே அது புலியாகத்தான் தெரிந்தது.

அன்றிரவு பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்தபடியே கழிந்தது. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்யும் அப்பா அழகர், காலையில் தன் சிங்கள மேற்பார்வையாளரைக் கெஞ்சிக் கூட்டிவந்து மகனை மீட்டார்.

"படம் போட ஒனக்கு வேற மிருகமே கெடைக்கலையாடா?" வீடு வரும்வரை அவர் பேசியது அவ்வளவுதான்.

ஸ்டூடியோவில் காய்ச்சல் என்று சொன்னான். பிறகு உட்கார்ந்து கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தான். மயிரை முன்னையைவிட அழகாகச் சீவினான்.

கம்பெனிக்காரர் பார்க்க வந்தார். "என்ன இது, எலி பிஸ்கட் தின்னுதா?" என்றார். மர்ஸூக்கின் முகம் செத்துப்போனது. நண்பனுக்கு உதவுவதாக நினைத்து அசங்க கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கணினியில் பழைய கோப்பைத் தேடிக் கோடுகளைத் திரும்பக் கொண்டுவந்தான். அவனுக்கு அவை வெறும் கோடுகள். கம்பெனிக்காரர் கை தட்டினார். அவர் பார்க்க வேலை செய்தவன் அசங்க. கோலாலம்பூருக்கு எழுதிய பரிந்துரையில் மர்ஸூக் அந்தப் பெயரைத்தான் போட்டார். "ரெண்டு பேரும் செஞ்சது" என்று அசங்க உண்மையாகவே சொன்னான். போகிற இடம் ஒருவனுக்குத்தான் இருந்தது.

அசங்க விமானம் ஏறிய பிறகுதான் மர்ஸூக் கேட்டார்.

"கோடில்லாம எங்கயாவது அணில் ஈக்கிதா முத்து? என்னத்துக்கு அழிச்ச?"

முத்துலிங்கம் சோதனைச் சாவடியைச் சொன்னான். வாங்கைச் சொன்னான்.

"ஒரு வார்த்த என்னட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மர்ஸூக் நானா?"

மர்ஸூக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானும் அழிக்கத்தான் சொல்லியிருப்பன்."

அன்று அசங்க திருத்தியது ஒரே காட்சியைத்தான். விளம்பரத்தின் மற்றக் காட்சிகளில் அணில் இன்னும் கோடில்லாத முதுகோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. அசங்க இல்லாததால் கோடு போட முத்துலிங்கம்தான் மிச்சம்.