மெர்சியின் நாக்கு

அன்புக்கரசி வெள்ளகோவிலில் தறிக்கு நூல் சுற்றினவள். கட்டிக்கொண்ட சாமுவேலுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. கம்பெனி அவனை ஆப்பிரிக்காவில் மலாவிக்கு அனுப்பியது. வண்டி ஆட்களுக்குச் சோறாக்க இவளும் போனாள். மெர்சி அங்கேதான் பிறந்தாள். அம்மா அடுப்படியில் நிற்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் பக்கத்து வீட்டு சிசோமோ. அதனால் அவளுடைய சிச்சேவா மொழிதான் மெர்சிக்கு முதலில் வந்தது.

சாமுவேல் அங்கேயே இருக்க, மெர்சியைப் பள்ளியில் சேர்க்க அன்புக்கரசி ஊருக்கு வந்தாள். பிள்ளை குருவியைக் ‘குலுவி’ என்றது. எலியை ‘எரி’ என்றது. வகுப்பே சிரித்தது. நாத்தனார் ராசம்மாள் வசம்பை உரசி நாக்கில் தேய்த்துவிட்டு, “அந்த ஊருப் பேச்ச நிறுத்து, நாக்குத் தானாத் திரும்பும்” என்றாள். அன்புக்கரசி சிசோமோவின் போனை எடுப்பதையே விட்டாள். மெர்சி பேசுவதையே விட்டாள்.

நாக்கின் அடியில் தோல் குட்டையாக இருக்கலாம், வெட்டிவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொன்னார். கத்தி என்றதும் அன்புக்கரசிக்குச் சோறு இறங்கவில்லை.

கோயமுத்தூரில் பயிற்சியாளர் பிரத்யுஷா ‘குலுவி’, ‘எரி’ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கோழிப் படத்தைக் காட்டினாள். மெர்சி வாய் திறக்கவில்லை.

“வேற பாஷை ஏதாச்சும் பேசுவாளுங்களா?”

“பேசுவாளுங்க. நாந்தான் நிறுத்திப்போட்டேன். நாக்குக் கெட்டுப்போகும்னாங்க.”

“யாருங்க, டாக்டரா?”

“எங்க நாத்துனாருங்க.”

பிரத்யுஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அந்தப் பாஷைக்காரங்களுக்குப் போனைப் போடுங்க.”

சிசோமோவின் முகம் தெரிந்ததும் மெர்சி கோழிப் படத்தைத் தூக்கிக் காட்டி, “ங்குக்கு!” என்று கத்தினாள். பிறகு நிற்கவே இல்லை. பிரத்யுஷா அவள் வாயையே பார்த்திருந்தாள். சிசோமோவிடம் இங்கிலீஷில் சில கேள்விகள் கேட்டாள்; கம்ப்யூட்டரில் தேடிப் படித்தாள். கடைசியில் மெர்சியை நாக்கை நீட்டி மேலே தூக்கச் சொன்னாள். அது மேலுதட்டைத் தாராளமாகத் தொட்டது.

“‘ர’வும் வருது, ‘ல’வும் வருதுங்க. அவங்க பாஷைல ரெண்டும் ஒண்ணுதான். ‘இ’, ‘எ’க்குப் பின்னால ‘ர’ ஆயிரும், மத்ததுக்கு ‘ல’. அந்த வழக்கத்துலதான் தமிழையும் பேசறா. வார்த்தை பூரா உயிரெழுத்துலதான் முடியுமாம், அதான் நம்ம வார்த்தைக்கும் கடைசில ஒண்ணச் சேத்துக்கறா.”

“நாமளும் பஸ்ஸு, கப்புன்னுதானுங்க சொல்றோம்?”

“அப்ப உங்க நாக்கையுமில்ல வெட்டோணும்!”

அன்புக்கரசிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. “வெட்ட வேண்டாமுங்களா?”

“வேண்டாமுங்க. டாக்டருக்கு நானே சொல்லிர்றேன். ரெண்டு பாஷையும் பேசட்டும். வித்தியாசம் காதுக்குப் பழகிரும், நாலஞ்சு தடவ கூட்டிட்டு வாங்க.”

கேண்டீனில் அன்புக்கரசி இரண்டு தோசை தின்றுவிட்டு மூன்றாவதும் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் தங்க நேரும் என்று எடுத்து வந்த துணிப்பையை மடியில் வைத்தபடி, பஸ் காங்கயம் தாண்டும்வரை வாய் பிளந்து தூங்கினாள். பக்கத்தில் மெர்சி போனில் சிசோமோவோடு பஸ்ஸே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அன்புக்கரசியின் தூக்கம் கலையவில்லை.