இருபத்து மூன்று பதில்களும் நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளும்

என் எம்பி3 பிளேயரில் ஒரு பாட்டுகூட இருந்ததில்லை. விரல் நீளம், ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி, ஒரு சின்ன பேட்டரி, ஓரத்தில் குரல் பதியும் பொத்தான். அந்தப் பொத்தானுக்காகத்தான் வாங்கினேன்.

பொறியியல் கடைசி ஆண்டு. வளாக நேர்காணல் வரவிருந்தது. பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தவள். பாடம் தெரியும், ஆங்கிலத்தில் வாய் எழாது. கேட்கக்கூடிய கேள்விகளைப் பட்டியலிட்டேன்: இருபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, எங்கள் மேல்மலை ஊரில் பூண்டு வயலுக்குப் பின்னால் நின்று என் குரலிலேயே பதிந்தேன். சில பதில்களைப் பத்துத் தடவைக்கு மேல். கல்லூரி இருந்த பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே பேருந்தில் போகும்போதெல்லாம் கேட்டு, தப்பைக் குறித்து, மறுபடி பதிந்தேன். நகல் இல்லை. வீட்டில் கணினி கிடையாது. கல்லூரி லேபில் எதையும் செருக விடமாட்டார்கள்.

நேர்காணல் திங்கட்கிழமை. அதற்குமுன் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணன் கொடைக்கானலுக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறான். வண்டியைப் பாதி காலியாக எடுப்பது அவனுக்குப் பாவம். பக்கத்து வீட்டு மூட்டையையாவது கேட்டு வாங்கி ஏற்றிவிடுவான். சனிக்கிழமை மதியம் பிளேயரை என் கையில் வைத்தான். அது போனதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“ஏ புள்ள, இந்தா. வெள்ளனே போயி கடை தெறக்குமுந்தி நின்னு ஏத்தியாந்தேன். நூத்திப் பன்னெண்டு பாட்டு!”

“உள்ள இருந்ததெல்லாம்?”

“என்னத்த இருந்துச்சு? யாரோ ஒரு பொம்பள இங்கிலீஷ்ல வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டுக் கெடக்குதாம். வைரஸா இருக்கும்ணேன்னு கடைக்காரன் மொத்தமா அழிச்சுட்டான்.”

“அந்தப் பொம்பள நான்தாண்ணே.”

“நீயா? நீ இம்புட்டுப் பொறுமையாப் பேசமாட்டியே!”

அவன் செல்போனிலேயே கடைக்காரரைக் கூப்பிட்டேன். பழையதை எங்காவது வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

“இல்லங்கக்கா. ஆனா கவலப்படாதீங்க, கடைசில கொஞ்சூண்டு எடம் இருந்துச்சு. அதுலயும் ஒரு சின்னப் பாட்டப் பாத்துச் சொருகிட்டேன்.”

அழித்த கோப்பு உடனே மறைந்துவிடாது. அதன்மேல் வேறு எதுவும் எழுதாதவரை மீட்க வழி உண்டு. இவர்கள் இருவருமாகச் சேர்ந்து இம்மி இடம் மிச்சம் வைக்கவில்லை.

நான் குரலை உயர்த்தவில்லை. அதற்கே அம்மா, “நல்லது செஞ்ச பிள்ளைகிட்ட மூஞ்சியத் தூக்குறியே. தன் சோலியப் போட்டுட்டுல்ல போயிருக்கான்” என்றாள். என் பொருளை என்னைக் கேட்காமல் எடுத்தார்கள். என் இரண்டு மாத உழைப்பைப் பார்த்து வைரஸ் என்றார்கள். கடைசியில் நான் நன்றி சொல்லவில்லை என்பதுதான் அந்த வீட்டில் குற்றமாக இருந்தது.

ஞாயிறு முழுவதும் நோட்டும் கையுமாக வயலுக்குப் பின்னால் நின்று சத்தமாகப் பேசினேன். தொண்டை கட்டியது. திங்கட்கிழமை கட்டிய தொண்டையோடுதான் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் இன்றும் சொல்கிறான்: “அன்னைக்குப் பாட்டுக் கேட்டுக்கிட்டே மனசு லேசாப் போச்சு. அதான் கெடச்சது.”

அதில் ஒரு பாட்டைக்கூட நான் கேட்கவில்லை. இதைச் சொன்னால், வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அண்ணனிடம் அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.