பாயின்ட்ஸ்மேன் கையும் என் பலமும்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் உடம்பு விஷயத்தில் அந்த வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு மூட்டை தூக்கினால் நான் இரண்டு தூக்குவேன். சாயங்காலம் குஸ்தி சொல்லிக்கொடுப்பேன், அதனால் எல்லோருக்கும் நான் வஸ்தாது. அங்கே சுளுக்கிக்கொண்டவர்களுக்கு எண்ணெய் போட்டு நீவி, இழுத்து விடுவதும் நான்தான். மறுநாளே எழுந்து நடப்பார்கள். வஸ்தாது கை பட்டால் போதும் என்று ஊரே சொல்லும். மூட்டையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன என்ற ஆசை அப்போதுதான் வந்தது. பிசியோதெரபி என்ற பெயரெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில் விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஒரு பாயின்ட்ஸ்மேன் என்னைத் தேடி வந்தார். ரயில் தடம் மாறுவதற்கான லீவரை இழுப்பது அவர் வேலை. விழுந்ததில் முழங்கை முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை நீளவில்லை, பாதி மடங்கியே நின்றது. இரண்டு மாதத்துக்குள் ரயில்வே அதிகாரிகள் முன்னால் லீவரை இழுத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் போகும், ரயில்வே வீடும் போகும். வீட்டில் நான்கு பிள்ளைகள்.

பதினைந்தே நாளில் நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, மண்டியில் லீவு சொல்லி விழுப்புரத்திலேயே போய்த் தங்கினேன். காலையும் மாலையும் நல்லெண்ணெய் போட்டு முழங்கையை அழுத்தித் தேய்ப்பேன். மேல்கையை என் முட்டியால் அமுக்கிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்து இழுப்பேன். அவர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். மீதி நேரத்தில் தண்ணீர் வாளியை அந்தக் கையில் தொங்கவிடச் சொன்னேன். எட்டாம் நாள் முழங்கை வீங்கி அனலாகக் கொதித்தது. முன்பு நீண்ட அளவுகூட இப்போது நீளவில்லை. நான் இழுத்தது போதவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் மனைவி வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டார்.

"பலத்தக் காட்றதுக்கு வேற எடம் பாருங்க வஸ்தாது. இது எங்க ஊட்ல அடுப்பு எரிய வைக்கிற கை."

அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு ரோஷம், நானும் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா, என்னைவிட வயதில் சின்னவர். காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவராம். வீக்கத்தைப் பார்த்ததும் யார் இழுத்தது என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"நீங்க இழுக்க இழுக்க அவரு கை பயந்துக்கினு இறுகுதுங்க. நீங்க தொடாதீங்க. அவரே நீட்டட்டும்" என்றார்.

வீக்கம் வடியும்வரை கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார். பிறகு மேசைமேல் ஒரு துணியைப் போட்டு, அதன்மேல் கையை வைத்து, வலிக்காத அளவுக்கு மெதுவாக முன்னே தள்ளிப் பின்னே இழுக்கச் சொன்னார். தோளைச் சாய்த்து ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வதும் எண்ணிக்கை சொல்வதும் என் வேலை. என் கை அவர்மேல் படவே கூடாது. இரண்டு மூட்டை தூக்குவது அதைவிடச் சுலபம். ஒரு வாரத்துக்கு ஒரு விரல்கடை நீண்டால் பெரிது. சுவரில் கரிக்கோடு போட்டு அளந்தோம்.

சோதனை நாள் வந்தது. அதிகாரிகள் நிற்க, அவர் லீவரைப் பிடித்தார். முதல் இழுப்பில் அது அசையவில்லை. நான் என்னை அறியாமல் இரண்டடி முன்னே போய்விட்டேன்.

"நீ அங்கியே நில்லு வஸ்தாது" என்றார், திரும்பிப் பார்க்காமலே. அடுத்த இழுப்பில் லீவர் தடாலென்று விழுந்தது. வேலை நிலைத்தது.

கை முழுதாக நிமிரவில்லை. நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த மிச்ச வளைவு முறிவால் வந்ததல்ல, இழுத்ததால் வந்தது என்றார். பாயின்ட்ஸ்மேனோ ஜங்ஷன் முழுவதும் என் பெயரைத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாமலே, படித்து வந்த பிள்ளைகளுக்கு வேலை காட்டிக் கொடுத்தேன். படுத்துக் கிடந்த எத்தனையோ பேரை நடக்க வைத்தேன். அதையெல்லாம் யாரிடமும் தயங்காமல் பெருமையாகச் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. கடைசிவரை அவர் அந்த வளைந்த கையால்தான் எனக்கு வணக்கம் சொன்னார். அவரிடமாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.